ஒரே கேசட்டில் இத்தனை கேம்: பிள்ளைகளுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது?

சுங்கை அத்தை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு அண்ணனின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் கோலாலம்பூரிலிருந்து வருகிறார்கள். பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 7. போன முறை வந்தபோது ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு மூலை. சாப்பிடக் கூப்பிட்டாலும் தலை நிமிரவில்லை.

இந்த முறை நான் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழைய சாமான் விற்பவரிடம் அந்தக் காலத்து கேம் செட் ஒன்று கிடைத்தது. சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறது. இரண்டு கண்ட்ரோலர், ஒரு துப்பாக்கி, மூன்று கேசட். மஞ்சள் கேசட்டில் 9999999 இன் 1 என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி போட்டுப் பார்த்தான். கொஞ்சம் பெயர்கள் வந்த பிறகு அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றான். அவன் எழுதிக் கொடுத்த பட்டியல்: சூப்பர் மாரியோ, பேட்டில் சிட்டி, எக்சைட்பைக், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, பாம்பர்மேன், ஐஸ் கிளைம்பர், அட்வெஞ்சர் ஐலண்ட், காலக்சியன், டக் ஹண்ட். தனிக் கேசட்டில் இருப்பவை கன்ட்ரா, அப்புறம் இரண்டு அணில் படம் போட்ட ஒன்று.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று இரண்டு வரி சொன்னால் போதும். இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவது எது, சண்டை மூட்டிவிடுவது எது என்பதும் தெரிய வேண்டும். கூடத்தில் மெல்லிய டிவி இருக்கிறது. பின்னறையில் அம்மாவின் பழைய பெட்டி டிவி இன்னும் ஓடுகிறது. எதில் மாட்டுவது?


கடைசி லயம் எழுதுகிறார்:

அக்கா, நான் வளர்ந்தது உங்கள் ஊரிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில். அப்போது ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கேம் செட் இருந்தது ஒரே வீட்டில்தான், லோரி ஓட்டுபவர் வீட்டில். மைக்ரோ ஜீனியஸ், தைவான் செட். நின்டெண்டோ கம்பெனி 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிக்காம் என்ற கேம் செட்டின் நகல் அது. நீங்கள் வாங்கியதும் அதே குடும்பம்தான். தோட்டத்தில் கரண்ட் ஜெனரேட்டரிலிருந்து வரும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தால் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் பெரியவர்கள் செய்தி பார்த்தாக வேண்டும். டிவியில் தமிழ்ப் படம் போடும் நாளில் செட்டைத் தொடவே முடியாது. மிச்சமிருக்கும் நேரத்துக்குத்தான் வாசல்படி வரை பையன்கள் உட்கார்ந்திருப்போம்.

அதனால் ஒரு கேம் நல்லதா இல்லையா என்பதற்கு என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது. கண்ட்ரோலர் கையில் இல்லாதவனுக்கு அதில் என்ன வேலை? படம், இசை, கதை எல்லாம் அதற்கு அப்புறம். இணையத்தில் சிறந்த பத்து, சிறந்த ஐம்பது என்று எழுதுகிறவர்கள் தனி அறையில் தனி டிவியில் ஆடி வளர்ந்தவர்கள். அவர்கள் கணக்கு வேறு. மூலைக்கொருவராக உட்காரும் பிள்ளைகளுக்கு என் கணக்குதான் சரிவரும்.

முதல் நாள் பேட்டில் சிட்டியைப் போடுங்கள். நாம்கோ 1985-இல் ஃபேமிக்காமுக்குச் செய்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இது விற்பனைக்கே போகவில்லை, ஆகவே அந்த ஊர்ப் பட்டியல்களில் அதிகம் தென்படாது. நம் பக்கம் 'டேங்க் கேம்' என்றால் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். திரைக்குக் கீழே, நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரி டேங்குகள் மேலிருந்து இறங்கி வரும். உங்களிடம் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. உங்கள் குண்டே பட்டாலும் அதே கதிதான். கேமின் சுவை முழுக்க இந்த ஒரு விதியில் இருக்கிறது. மஞ்சள் டேங்க் ஒருவருக்கு, பச்சை ஒருவருக்கு. ஒருவர் மேலே போய் வேட்டையாடினால் மற்றவர் கழுகுக்குக் காவல் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று பேசித்தான் ஆக வேண்டும், பேசாமல் இந்த கேமை ஆடவே முடியாது.

சண்டை வருமா என்று கேட்டீர்கள். வரும். கூட்டாளியின் குண்டு பட்டால் சாக மாட்டோம், ஆனால் கொஞ்ச நேரம் அசைய முடியாது. லோரிக்காரர் மகன் இதில் கெட்டிக்காரன். திரையில் நட்சத்திரம் தோன்றியதும் பச்சை டேங்கை ஒரு சுடு சுட்டு நிறுத்திவிட்டு, தான் போய் எடுத்துக்கொள்வான். வீட்டுக்காரன், யார் கேட்பது? நட்சத்திரம் மூன்று சேர்ந்தால் இரும்புச் சுவரும் உடையும், அதற்குத்தான் அத்தனை போட்டி. மண்வெட்டி எடுத்தால் கழுகைச் சுற்றிக் கொஞ்ச நேரம் இரும்புச் சுவர் வரும். இது யார் எடுத்தாலும் இருவருக்கும் லாபம். உட்கார்ந்து பார்ப்பவனுக்கும் இதில் வேலை இருக்கிறது. மரங்களுக்குள் போகும் டேங்க் கண்ணுக்குத் தெரியாது. ஆடுகிறவன் தன் டேங்கையே பார்த்துக்கொண்டிருப்பான். "இடது பக்க மரத்துல ஒன்னு இறங்குது" என்று கத்துவதற்கு ஆள் வேண்டும். எங்கள் வாசல்படியிலிருந்து காப்பாற்றப்பட்ட கழுகுகள் ஏராளம்.

சின்னவளுக்கு இதிலேயே தனி வேலை ஒன்று உண்டு. தலைப்புத் திரையில் மூன்றாவது வரி, 'கன்ஸ்ட்ரக்‌ஷன்'. செங்கல், இரும்பு, தண்ணீர், மரம், பனித்தரை எல்லாவற்றையும் நாமே வைத்து மைதானம் கட்டலாம். கட்டியதைச் சேமிக்க முடியாது, செட்டை அணைத்தால் போச்சு. எங்களில் ஒருவன் பள்ளிக் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து எடுத்து வருவான். அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவோம். அவளிடம் ஒரு கட்ட நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். அவள் கட்டட்டும், அண்ணன் அதில் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும்.

மாரியோவைப் பற்றி நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. 1985-இல் வந்தது. 40 கேபி (கிலோபைட்) இடத்துக்குள் 32 கட்டங்களை அடக்கியிருக்கிறார்கள். மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம், நிறம் மட்டும் மாற்றம். கோஜி கோண்டோவின் இசை இன்றைக்கும் காதில் நிற்கிறது. செய்நேர்த்தி என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேர் என்று தேர்ந்தெடுத்தால் மாரியோ சாகும் வரை லூய்ஜி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவனுக்குக் கை பழகிவிட்டால் சின்னவள் அங்கேயே தூங்கிவிடுவாள். எங்கள் லயத்தில் இதற்குச் சட்டம் இருந்தது: ஓர் உயிர் போனாலும் சரி, கட்டம் முடிந்து ஒரு கொடி இறங்கினாலும் சரி, கண்ட்ரோலர் கை மாற வேண்டும். நீங்களும் அப்படியே போடுங்கள். 3-1 என்ற கட்டத்தின் படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து உயிர் சேர்க்கும் வித்தையை அவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அளவோடு சேர்க்கச் சொல்லுங்கள். 127-ஐத் தாண்டினால் செட்டின் கணக்கு குழம்பி எதிர்மறை எண்ணாகிவிடும், அடுத்த முறை செத்தால் நேராக கேம் ஓவர்தான்.

எக்சைட்பைக் மோட்டார் பந்தயம், ஒருவர் மட்டுமே ஆடுவது. என் கேள்விப்படி பார்த்தால் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் தள்ள முடியவில்லை. நின்டெண்டோ, 1984, ஐந்தே ஐந்து பாதைகள். ஏ பொத்தானை அழுத்தினால் சாதாரண வேகம், பி பொத்தானை அழுத்தினால் பேய் வேகம். பி-யிலேயே போனால் கீழே சூடு காட்டும் பட்டை ஏறிக்கொண்டே போகும். நிறைந்துவிட்டால் மோட்டார் ஓரமாக நின்றுவிடும், மற்றவர்கள் எல்லாம் தாண்டிப் போவார்கள். தரையில் வரும் அம்புக்குறி மேல் ஏற்றினால் சூடு இறங்கும். நான் இப்போது மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜினைக் கதறவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பட்டைதான் ஞாபகத்துக்கு வரும். பார்ப்பவர்கள் கண் முழுக்க அந்தப் பட்டையில் இருக்கும். "விடு, பி-யை விடு" என்று பத்துப் பேர் கத்துவோம். பறந்து இறங்கும்போது இரண்டு சக்கரமும் மேட்டுக்கு ஏற்றபடி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் உருண்டுவிடுவான். ஒரு சுற்று சீக்கிரம் முடிந்துவிடும், அடுத்தவனுக்குக் கைமாறும். அதனால்தான் பட்டியலில் நிற்கிறது.

இதிலும் பாதையை நாமே கட்டலாம். அங்கே 'சேவ்' என்று ஒரு வரி இருக்கும், நம்பிவிடாதீர்கள். அது வேலை செய்ய ஃபேமிக்காமுக்கென்று தனியாக விற்ற டேப் ரெக்கார்டர் வேண்டும். அதை ஜப்பானுக்கு வெளியே விற்கவில்லை. நாங்கள் எத்தனை நாள் அந்த வரியை அழுத்தியிருப்போம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கன்ட்ரா. கோனாமியின் கேம், ஃபேமிக்காமுக்கு 1988-இல் வந்தது. ஓடிக்கொண்டே சுடுவது, இரண்டு பேர் ஒரே நேரத்தில், எட்டுக் கட்டங்கள். பெரியவன் இதை விட மாட்டான். சின்னவளுக்கு முதல் நாளே வேண்டாம், மூன்று உயிரும் மூன்று நிமிடம் நிற்காது. தலைப்புத் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ, பிறகு ஸ்டார்ட். 30 உயிர் கிடைக்கும். நகல் கேசட்டில் சில சமயம் வேலை செய்யாது, அழுத்திப் பாருங்கள். இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கோனாமியில் இருந்த கஜுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் கிராடியஸ் என்ற கேமை ஃபேமிக்காமுக்கு மாற்றும்போது, சோதனைக்கு ஆடுவதே அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம். தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழிதான் உலகம் முழுக்கப் போய்விட்டது. 'எஸ்' என்ற எழுத்து பறந்து வந்தால் விடக்கூடாது. குண்டு விசிறி மாதிரி விரியும், அதை வைத்திருப்பவன்தான் ராஜா.

அணில் கேசட் சிப் அண்ட் டேலாகத்தான் இருக்கும். கேப்காம், 1990. உங்கள் கையில் இருப்பதில் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது இதுதான். இருவரும் சேர்ந்து போகலாம், பெட்டியைத் தூக்கி எறியலாம், பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஒருவரை ஒருவர் தூக்கி எறியலாம் என்பதைப் பெரியவனிடம் சொல்லாதீர்கள். அவனே கண்டுபிடிப்பான்.

மற்றதெல்லாம் வேகமாக. ரோடு ஃபைட்டர்: காரோட்டம், எண்ணெய் தீர்வதற்குள் கோட்டைத் தொட வேண்டும். இடிக்காமலே போனால் ஒருவர் ஓரமாகப் பறந்து வந்து போனஸ் கொடுப்பார், அவர் கோனாமி மேன். அவரைப் பார்த்தவன் அன்றைக்கு ஹீரோ. ஒரு ஆட்டம் மளமளவென்று முடியும், கூட்டத்துக்கு நல்லது. சர்க்கஸ் சார்லி: சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையம், கயிற்றில் குரங்கு, பந்து, குதிரை, ஊஞ்சல். சின்னவளுக்குச் சிங்கம் பிடிக்கும். ஊஞ்சலில் எல்லாருமே விழுவார்கள், சிரிப்புக்குக் குறைவிருக்காது. காலக்சியன்: விண்கலத்திலிருந்து சுடுவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்குத் தாங்காது. பாம்பர்மேன்: தனி ஆள், 50 கட்டம், பார்க்கிறவனுக்குத் தூக்கம் வரும். ஐஸ் கிளைம்பர்: இருவர் ஆடலாம், ஆனால் ஒருவர் வேகமாக மேலே ஏறினால் திரையும் ஏறிவிடும், கீழே நிற்பவர் காலி. அண்ணன் தங்கைக்கு இதைக் கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு இரண்டு தட்டில் இரண்டு அறையில்தான் போட வேண்டும். அட்வெஞ்சர் ஐலண்ட் எனக்கு அவ்வளவாக ஓடவில்லை. வேறு யாராவது சொல்வார்கள்.


தாப்பா ரோஸ் எழுதுகிறார்:

அண்ணே, வாசல்படி வரை பையன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? நான் சொல்கிறேன், அடுப்படியில். கண்ட்ரோலர் எங்கள் கைக்கு வந்ததே அவர்கள் பந்து விளையாடப் போன பிறகுதான். ஆகவே என் பட்டியல் உங்களுடையதைத் தலைகீழாகப் பிடித்தது.

நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாப்பா பக்கம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகு நாள் முழுக்கக் கரண்ட் இருந்தது. நான் தனியாக ஆடிய கேம் பாம்பர்மேன். ஹட்சன் கம்பெனி, 1985. தூக்கம் வரும் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே! குண்டு வைத்துச் சுவரை உடைத்துக்கொண்டே போக வேண்டும். சுவருக்குள் கதவு ஒன்று, சக்தி தரும் பொருள் ஒன்று ஒளிந்திருக்கும். கதவைக் கண்டுபிடித்த பிறகு அதன் மேல் தெரியாமல் குண்டு வெடித்தால் அதிலிருந்து புதிதாக எதிரிகள் கிளம்பி வரும். நேரம் தீர்ந்தால் காசு மாதிரி வட்டமான பிசாசுகள் கூட்டமாகத் துரத்தும். வைத்த குண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நாமே மாட்டிக்கொள்வதுதான் அதிகம். அவசரப்பட்டால் செத்தோம், உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கான கேம் இது. ஆட்டம் முடிந்ததும் நீளமாக ஒரு எழுத்துக் கோவை கொடுப்பார்கள். நான் அதை அம்மாவின் நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி வைப்பேன், மறுநாள் அதே கட்டத்திலிருந்து தொடங்கலாம். தோட்டத்தில் பத்து மணிக்குக் கரண்ட் போனால் உங்கள் மாரியோ போச்சு, என் பாம்பர்மேன் போகாது. 50 கட்டமும் முடித்தால் அவன் மனிதனாகிவிடுவான். அதை எங்கள் வீட்டில் பார்த்தது நான் ஒருத்திதான். கூப்பிட்டுக் காட்ட அப்போது யாரும் இல்லை, அதனால் குறை ஒன்றும் இல்லை.

அட்வெஞ்சர் ஐலண்ட் பற்றி நான் சொல்கிறேன். அதுவும் ஹட்சன், 1986. தொப்பி போட்ட ஆள் ஓடிக்கொண்டே இருப்பான், மேலே உயிர்ப் பட்டை குறைந்துகொண்டே வரும், வழியில் பழம் எடுத்துத் தின்றால்தான் ஏறும். அந்த ஆள் நிஜ மனிதர், ஹட்சனில் வேலை பார்த்த தகாஹாஷி மெய்ஜின். ஒரு நொடிக்கு 16 முறை பொத்தானை அழுத்துவார் என்று ஜப்பான் பிள்ளைகளிடம் பெரிய பெயர். சறுக்குப் பலகையில் ஏறினால் நிற்க முடியாது, கல் தடுக்கினால் போச்சு. இந்த கேமில் கத்தரிக்காய் விஷம். ஒட்டிக்கொண்டால் உயிரை உறிஞ்சிவிடும். ஐஸ் கிளைம்பரில் மலை உச்சிக்குப் போனால் அதே கத்தரிக்காய்தான் பரிசு! கத்தரிக்காய் சாப்பிடாத பிள்ளையாக இருந்தால் எதை முதலில் போடுவது என்று அத்தையே முடிவு செய்துகொள்ளலாம்.

அத்தைக்கு ஒரு வேண்டுகோள். சேர்ந்து ஆடுவது நல்லதுதான். ஆனால் சின்னவளுக்கு அண்ணன் குளிக்கப் போகும் நேரமாவது செட்டைத் தனியாகக் கொடுங்கள். யாரும் பக்கத்தில் நின்று கத்தாமல் ஆடினால்தான் கை பழகும். கை பழகினால்தான் அண்ணனோடு சேர்ந்து ஆட அவளுக்கு ஆசையும் வரும்.


சோல்டர் தம்பி எழுதுகிறேன்:

கேமைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். டிவி கேள்வியை யாரும் தொடவில்லை, அதற்கு நான்.

அத்தை, பின்னறைப் பெட்டி டிவியிலேயே மாட்டுங்கள். துப்பாக்கிக்காக. டக் ஹண்டில் விசையை இழுத்ததும் திரை கண் இமைக்கும் நேரத்துக்குக் கறுப்பாகும், அடுத்த நொடித்துளியில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு. பெட்டி டிவி படத்தை உடனுக்குடன் காட்டும். மெல்லிய டிவி படத்தை வாங்கி, திருத்தி, தாமதமாகக் காட்டும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். எத்தனை முறை சுட்டாலும் படாது, புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரிக்கும், பிள்ளைகள் துப்பாக்கி கெட்டுவிட்டது என்பார்கள். இன்னொன்று, ஒற்றை வாத்து வரும் முதல் ஆட்டத்தில் கண்ட்ரோலரால் வாத்தை ஓட்டலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. ஒருவர் சுட, ஒருவர் வாத்தைத் தப்பிக்க வைக்க. கடைசி லயம் அண்ணனின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, அவர் ஏன் விட்டார் என்று தெரியவில்லை. உங்கள் செட்டில் துப்பாக்கியும் அந்தக் கண்ட்ரோலரும் ஒரே துளையைப் பங்கு போடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிள்ளைகள் யூடியூபில் மாரியோ பார்த்துவிட்டு வந்து, இங்கே பாட்டு மெதுவாக ஓடுகிறதே என்று கேட்டால் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பான் செட் நொடிக்கு 60 படம் காட்டும். நம் நாட்டுப் பழைய டிவி பிஏஎல் முறை, அதற்கென்று செய்த நகல் செட்டுகள் நொடிக்கு 50 படம்தான் காட்டும். கேமும் இசையும் படக் கணக்கை வைத்தே ஓடுவதால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். நாமெல்லாம் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு அந்த மெதுவான பாட்டுதான்.

அந்த மஞ்சள் கேசட்டில் பெயர்கள் திரும்ப வருவதும் சகஜம். எண் மாறினாலும் கேம் அதேதான், சிலவற்றில் நடுக் கட்டத்திலிருந்து தொடங்கும். மாரியோ 40 கேபி, மற்ற சின்ன கேம்கள் பலவும் அந்த அளவுக்குள்தான், அதனால் ஒரே கேசட்டில் பலவற்றை அடைக்க முடிகிறது. கன்ட்ரா மாதிரி 128 கேபி கேமுக்குத் தனிக் கேசட் வைத்தார்கள்.

படம் கலங்கினால் கேசட்டுக்குள் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டுத் தகடு துருப்பிடிக்கும். பார்மசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தகட்டைத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.


சுங்கை அத்தை மீண்டும்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெட்டி டிவியில் மாட்டியாயிற்று. பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அண்ணன் தங்கை சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்கிறது, எனக்கு அதுவே போதும்.

சின்னவள் கட்ட நோட்டில் மைதானம் வரைந்து வைத்திருக்கிறாள். கழுகைச் சுற்றி முழுக்கத் தண்ணீர்! அவள் அண்ணன் இது செல்லாது என்கிறான். செல்லுமா? பாம்பர்மேன் எழுத்துகளையும் எழுதுகிறாள். தாப்பாத் தங்கச்சி, நீங்கள் சொன்னபடி காலையில் தனியாக ஆட விடுகிறேன்.

இப்போது இரண்டு சிக்கல். முதலாவது, அடாப்டர் ரொம்பச் சூடாகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி மோடத்து அடாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து, முனை பொருந்துகிறது என்கிறான். மாட்டலாமா? இரண்டாவது, கன்ட்ராவில் அருவி வரும் கட்டத்தில் சின்னவள் மட்டும் காரணமே இல்லாமல் சாகிறாள். எதுவும் படவில்லை என்று அழுகிறாள்.


சோல்டர் தம்பி:

மாட்டாதீர்கள் அத்தை! முனை பொருந்துவது போதாது. செட்டின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும், பக்கத்தில் வட்டத்துக்குள் புள்ளி போட்டு கூட்டல், கழித்தல் படம் இருக்கும். ஃபேமிக்காம் வகையில் பெரும்பாலும் நடுவில் கழித்தல், மோடத்து அடாப்டரில் பெரும்பாலும் நடுவில் கூட்டல். மாற்றிக் கொடுத்தால் செட் போய்விடலாம். இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அரை மணிக்கு ஒரு முறை அணைத்துவிட்டு அடாப்டரைக் கழற்றி வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.


கடைசி லயம்:

கழுகைச் சுற்றித் தண்ணீர் வைத்த மைதானம் செல்லும் அக்கா. கேம் ஏற்றுக்கொண்டால் செல்லும், அதுதான் சட்டம். ஆனால் டேங்க் தண்ணீரைத் தாண்டாதே தவிர குண்டு தாண்டும். அவள் கழுகு தூரத்திலிருந்தே சுடப்படும் என்று சொல்லுங்கள், உள்ளே ஒரு வரிசை இரும்பு வைப்பாள்.

அருவியில் எதுவும் படாமல் சாவது அண்ணனால்தான். அந்தக் கட்டத்தில் திரை மேல்நோக்கி நகரும். முன்னால் தாவுகிறவன் மேலே போகப் போகத் திரையின் அடிப்பகுதி ஏறிவரும், கீழே நிற்பவர் அதற்குள் போய்ச் செத்துப்போவார். அவளை முன்னால் ஏறவிட்டு அவனைப் பின்னால் வரச் சொல்லுங்கள். மேலிருந்து உருண்டு வரும் பாறைகளை அவன் சுடட்டும், அவள் தாவுவதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். மேலே போனதும் பெரிய பூதம் ஒன்று இரண்டு கையையும் ஆட்டும். முதலில் இரண்டு கை நுனியையும் உடைக்க வேண்டும், பிறகுதான் வாய். ஆளுக்கு ஒரு கை என்று இங்கேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

டக் ஹண்டில் வாத்து ஓட்டுவது எனக்குத் தெரியாமல் இல்லை தம்பி. எங்கள் செட்டோடு துப்பாக்கி வரவில்லை.